பூநாரை கட்டிய உச்சியில்லாத மலை

அந்தக் காலத்தில் மலைகளும் பேசும். முணுமுணுப்பெல்லாம் கிடையாது, ஏரிக்கு அக்கரை வரை கேட்கிற கணீர்ப் பேச்சு. பறவைகள் உடனே பதில் சொல்லும். மீன்கள் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி நடுவில் ஒரு வார்த்தை போடும். ஆமை மட்டும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போய் மூன்றாம் நாள்தான் சிரிக்கும். அப்போது நடந்தது இது.

குமுறி என்று ஒரு மலை இருந்தாள். மலையைப் போய் ‘இருந்தாள்’ என்று சொல்லலாமா என்று கேட்காதீர்கள். வேறு மாதிரிச் சொன்னால் அவள் கோபித்துக்கொண்டு இரண்டு பாறைகளை உருட்டிவிடுவாள். அவள் வயிற்றுக்குள் நெருப்பு இருந்தது. பாறையே உருகிக் குழம்பாகக் கொதிக்கிற நெருப்பு! அவள் காலடியில் ஒரு பெரிய ஏரி கிடந்தது. கரையெல்லாம் கருங்கல். சில கற்களை உடைத்தால் கண்ணாடிச் சில்லாகப் பளபளக்கும். சில இடங்களில் கந்தகம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். ஆங்காங்கே வெந்நீர்க் குழிகள் ‘குபுக் குபுக்’ என்று கொப்பளித்துக்கொண்டிருக்கும்.

அந்தக் குழிகள் எல்லாம் குமுறி விட்ட சின்னச் சின்ன ஏப்பங்கள். வயிற்று நெருப்பைக் கால் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சம் கசிய விடுவாளே தவிர, மேலே விடமாட்டாள். ஏன் தெரியுமா? அவளுக்கு அப்படி ஓர் உச்சி! வானத்தையே குத்திவிடும் போல ஒடுங்கி, நெடுநெடுவென்று, முனையில் வெள்ளைப் பனியோடு நின்றது அது. தினமும் காலையில் ஏரித் தண்ணீரில் அதைப் பார்த்து ரசிப்பாள். அந்தப் பக்கம் போகிற மேகத்தைக் கூட விடமாட்டாள். “என் உச்சியைப் பாத்தியா? நல்லாப் பாத்துட்டுப் போ” என்பாள். மேகமும் பாவம், பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போகும்.

அந்த ஏரியில் பூநாரைகள் இருந்தன. அப்போது அவற்றின் நிறம் உப்பு வெள்ளை. ஓராயிரம் பறவைகளும் எதைச் செய்தாலும் சேர்ந்துதான் செய்யும். ஒன்று தலையைத் திருப்பினால் ஆயிரம் தலைகளும் திரும்பும். ஒன்று இடது காலை எடுத்து வைத்தால் ஆயிரம் இடது கால்கள் நகரும். எதற்காகத் திரும்பினோம், எங்கே நடக்கிறோம் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

முட்டையை அவை வெறும் தரையிலேயே இட்டன. ஒரு பறவைக்கு ஒரு முட்டைதான். அதற்கு மேல் கிடையாது.

போன வருடம் முட்டையிட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஓரமாக நின்ற ஒரு வாலிபப் பறவையின் காலடியில் வெந்நீர்க் குழி ஒன்று ‘குபுக்’ என்றது. அது பயந்து பறந்தது. அவ்வளவுதான், ஆயிரமும் பறந்தன. மூன்றாவது குன்றைத் தாண்டிய பிறகுதான் ஒருவருக்கு முட்டை நினைவு வந்தது. திரும்பி வந்து பார்த்தால், தரை கொதித்து, இட்ட முட்டைகள் அத்தனையும் வெந்து கிடந்தன.

அந்தக் கூட்டத்தில் எல்லாரையும்விட ஒரு சாண் உயரமான பறவை ஒருத்தி. பெயர் நெட்டச்சி. அவள் தன் முட்டையை அலகால் தொட்டுப் பார்த்தாள். அசைவே இல்லை. பன்னிரண்டு நாள் அதன் பக்கத்திலேயே நின்றாள். யாராவது அவளை இழுத்துக்கொண்டு போயிருந்தால் அவர்கள் மீது கோபப்பட்டிருக்கலாம். யாரும் இழுக்கவில்லை. அவளே, அவள் சிறகாலேயே பறந்து போயிருந்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இந்த வருடம் எல்லாரையும் போல நெட்டச்சியும் மறுபடி ஒரு முட்டையிட்டாள். அவள் புருஷன் வளையனும் அவளும் மாற்றி மாற்றி அடைகாத்தார்கள். இருபத்தேழாம் நாள் காலையில் முட்டைக்குள்ளிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“என்னங்க! இங்க வாங்களேன்! தட்டுது!” என்று நெட்டச்சி கத்தினாள்.

வளையன் கழுத்தை வளைத்துக் காதை வைத்துக் கேட்டான். “டொக், டொக்.” அவனுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. “ஏ புள்ள, இன்னைக்கோ நாளைக்கோ வந்துரும்!” என்று குதித்தான். அவன் குதித்ததைப் பார்த்து ஆயிரம் பறவைகளும் குதித்தன. காரணம் யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு முக்குளிப்பான் பறவை மேலே வந்தான். குட்டையன் என்று பெயர். ஏரியின் அடிவரை போய்வருகிறவன் அவன் ஒருத்தன்தான்.

“மதினி! மதினி! அடியில போய்ட்டு வாரேன், மூக்கு வெந்து போச்சு! மண்ணு கொதிக்குது மதினி! தரை பிளந்து சிவப்பாத் தெரியுது!”

நெட்டச்சி மலையை நிமிர்ந்து பார்த்தாள். குமுறியின் வயிறு புடைத்திருந்தது. நிலம் ‘கடகட’வென்று ஆடியது. வெந்நீர்க் குழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தன!

“எல்லாரும் கேளுங்க!” என்று குமுறி கூப்பிட்டாள். குரலில் வலி தெரிந்தது. “ஆயிரம் வருஷமா அடக்கி வச்சிருக்கேன். இனிமே முடியாது. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஏரிக்கு அடியில திறந்து விடப்போறேன். உசுரு வேணும்னா கிளம்பிருங்க!”

“ஏன், மேல விடக்கூடாதா?” என்று ஆமை கேட்டது. அன்றைக்குத்தான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அது சட்டென்று பேசியது.

“மேல விட்டா என் உச்சி போயிருமே!” என்றாள் குமுறி.

அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. மீன்கள் ஓடை வழியாக வெளியேறின. தவளைகள் தாவின. குட்டையன் தன் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டான். “மதினி, முட்டையையும் என் முதுகுல வைங்க, கொண்டு போயிருதேன்” என்றான். நல்ல மனசு அவனுக்கு. ஆனால் முட்டை அவன் தலையைவிடப் பெரிதாக இருந்தது. முதுகில் வைத்த உடனே அவன் முங்கினான். நெட்டச்சி அவசரமாக முட்டையை எடுத்துக்கொண்டாள். “நீ போ தம்பி. உன் புள்ளைங்களப் பாரு” என்று அனுப்பிவைத்தாள்.

ஓரத்தில் ஒரு பூநாரை சிறகை விரித்தது. பிறகு சொல்ல வேண்டுமா? ஆயிரம் ஜோடிச் சிறகுகள் விரிந்தன! வானமே வெள்ளையாகிவிட்டது! நெட்டச்சியின் சிறகும் தானாக விரிந்தது. கால் தரையைவிட்டு எழும்பியது. ஒரு முழம் மேலே போய்விட்டாள்.

“டொக்.”

அவ்வளவு இரைச்சலிலும் அது அவளுக்குக் கேட்டது. சிறகை இறுக்கி மடக்கினாள். பொத்தென்று கீழே விழுந்தாள். பூநாரைக் குலத்தில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. ஆயிரம் பேர் போகும்போது ஒருத்தி நின்றாள்!

“ஏ புள்ள! என்ன பண்ற? வா!” வளையன் மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினான்.

“நான் வரலங்க. போன வருஷம் வந்தேன்ல, அதுவே போதும்.”

“செத்துப் போயிருவ புள்ள!”

“நீங்க போங்க. நான் பாத்துக்கிறேன்.”

வளையனின் கழுத்து அவள் பக்கம் திரும்பியிருந்தது. சிறகுகள் கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்தன. திரும்பிய கழுத்தோடேயே அவன் குன்றுக்கு அந்தப் பக்கம் மறைந்தான். அவன் கெட்டவன் இல்லை. பூநாரை, அவ்வளவுதான்.

கரையில் இப்போது நெட்டச்சி மட்டும். தரை சுட்டது. வலது காலைத் தூக்கி இடது காலில் நின்றாள். இடது கால் சுட்டதும் வலது காலில் நின்றாள். காலையாவது தூக்கலாம், முட்டையை என்ன செய்வது? கவ்விக்கொண்டு பறந்தால் நழுவி விழுந்துவிடும். வயிற்றுக்கு அடியில் வைத்தாலும் கீழிருந்து சூடு ஏறியது. உள்ளே தட்டுகிற சத்தம் வேகமாகிவிட்டது. குஞ்சுக்கும் சுடுகிறது போலும்.

அவள் ஏரி ஓரத்துக்கு ஓடினாள். அங்கே சேறு இன்னும் ஈரமாக, கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. அலகு நிறைய அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். முட்டையை நகர்த்தி, தரையில் சேற்றை அப்பினாள். மறுபடி ஓடினாள். மறுபடி அப்பினாள். ஓடினாள், அள்ளினாள், குவித்தாள்! மூச்சு வாங்கியது, கழுத்து வலித்தது, காலில் கொப்புளம் வந்துவிட்டது. சேறு ஒரு சாண் உயர்ந்தது. இரண்டு சாண் உயர்ந்தது.

“ஏட்டி நெட்டச்சி!” என்று மேலிருந்து சத்தம் வந்தது. “எல்லாரும் போயாச்சு. நீ மட்டும் என்னட்டி பண்ற?”

நெட்டச்சி நிற்கவில்லை. ஓடிக்கொண்டே, “மலை கட்டுறேன்க்கா” என்றாள்.

குமுறிக்கு வயிற்று வலியிலும் ஆவல் வந்துவிட்டது. “மலையா! யார மாதிரி?”

“உன்ன மாதிரிதான். எனக்கு வேற எந்த மலையத் தெரியும்?”

பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை குமுறிக்கு! வலியையே மறந்துவிட்டாள். “அப்ப ஒழுங்காக் கட்டு. அடி அகலமா இருக்கணும். இடுப்பு இன்னும் ஒடுங்கணும். ம்ம், அப்படித்தான். உச்சிய நல்லாக் கூரா இழு. இன்னும்! இன்னும் கொஞ்சம்!” என்று மேஸ்திரி வேலையே பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

நெட்டச்சியும் சொன்னபடி கட்டினாள். அசல் குமுறியே சின்னதாகி வந்து நின்றது போல இருந்தது. மெல்ல முட்டையை எடுத்து உச்சியில் வைத்தாள்.

முட்டை உருண்டது. பாய்ந்து போய்க் காலால் தடுத்தாள்.

மறுபடி வைத்தாள். இந்தப் பக்கம் உருண்டது. கழுத்தைப் போட்டுத் தடுத்தாள்.

மூன்றாம் தடவை அது உருண்டபோது ஓட்டில் மெல்லிய கீறல் விழுந்துவிட்டது. நெட்டச்சிக்கு உயிரே போய்விட்டது. பிறகு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம்! ஒரே கடி. சின்ன மலையின் உச்சியைக் கவ்விப் பிய்த்து, வீசி எறிந்தாள்!

“அய்யோ! என் உச்சி!” என்று குமுறி அலறினாள். ஏரியில் அலை எழும்பியது.

“முட்டை உருளுதேக்கா! அழகப் பாத்தா ஆகுமா?” என்று நெட்டச்சியும் திருப்பிக் கத்தினாள். ஒரு பறவை மலையைப் பார்த்துக் கத்துகிறது! பிய்த்த இடத்தில் நெஞ்சை வைத்து அழுத்தினாள். சுற்றிச் சுற்றி அழுத்தினாள். சேறு குழிந்து, விளிம்பு எழுந்து, நடுவில் ஒரு பள்ளம் ஆனது. முட்டையை அதில் வைத்தாள்.

உருளவில்லை. ஆடவும் இல்லை. தரையின் சூடு அவ்வளவு உயரம் எட்டவில்லை. முட்டை அங்கே பாந்தமாக உட்கார்ந்துகொண்டது.

“டொக். டொக். கீக்!”

நெட்டச்சிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “அக்கா! கேட்டியா? கீக்ங்குது!”

குமுறி சின்ன மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைப் போலவே அடி, தன்னைப் போலவே இடுப்பு. உச்சி மட்டும் இல்லை. உச்சி இருந்த இடத்தில் ஓர் உயிர் இருந்தது.

மெதுவாக, “ஏட்டி” என்றாள். “என் உச்சியில இதுவரைக்கும் ஒரு காக்கா கூட உக்காந்ததில்லட்டி.”

சூரியன் குன்றைத் தொட இன்னும் ஒரு விரல் இடம்தான் பாக்கி. ஏரியின் நடுவில் தண்ணீர் சிவக்கத் தொடங்கியிருந்தது.

“முட்டைய நல்லா மூடிக்க,” என்றாள் குமுறி. “தலையச் சிறகுக்குள்ள வச்சுக்க. என்ன சத்தம் கேட்டாலும் எந்திரிக்காத.”

“எதுக்குக்கா?”

“மேல விடப்போறேன்.”

நெட்டச்சி முட்டையின் மேல் படுத்துக்கொண்டு தலையைச் சிறகுக்குள் திணித்தாள். குமுறி கடைசியாக ஒரு தடவை ஏரித் தண்ணீரில் தன் உச்சியைப் பார்த்துக்கொண்டாள். பிறகு மூச்சை இழுத்தாள்.

இழுத்தாள்...

டமார்!

உச்சி இல்லை! போய்விட்டது! பனியும் பாறையும் தூள்தூளாகி வானத்தில் பறந்தன! நெருப்புத் தூண் ஒன்று எழும்பி மேகத்தை ஓட்டை போட்டது. உருகிய பாறை மறுபக்கச் சரிவில் சிவப்பு ஆறாக இறங்கியது. இந்தப் பக்கம் ஒரு சொட்டுக் கூட வராதபடி குமுறி பல்லைக் கடித்துக்கொண்டு சாய்ந்து நின்றாள். நுரைக்கற்கள் மழையாகக் கொட்டின. ஏரியில் விழுந்த கற்கள் முங்கவே இல்லை, தக்கையாக மிதந்தன! சாம்பலோ இரண்டு பக்கமும் கொட்டிக்கொண்டே இருந்தது. நெட்டச்சியின் முதுகில் ஒரு சாண் சாம்பல் ஏறியது. அவள் எழுந்திருக்கவில்லை.

ஆயிரம் வருட நெருப்பு தீர்ந்து அடங்கியபோது மறுநாள் விடிந்துவிட்டது. எங்கும் நிசப்தம். கரையில் தரை குளிர்ந்திருந்தது. சாம்பல் மேடு ஒன்று அசைந்தது. அதற்குள்ளிருந்து ஒரு நீளக் கழுத்து வெளியே வந்து தும்மியது. அதற்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில், பஞ்சுபஞ்சாக, ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்து, “கீக்!” என்றது.

“அக்கா! வந்துருச்சு! வந்துருச்சுக்கா!”

குமுறி குனிந்து பார்த்தாள். தன்னைத் தண்ணீரில் பார்க்க மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஏரியைப் பார்க்காமல், குஞ்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் கூட்டம் திரும்பி வந்தது. வளையன்தான் எல்லோருக்கும் முன்னால் வந்தான். மெலிந்துபோய், கழுத்து சுளுக்கிப்போய் இருந்தான். குஞ்சைப் பார்த்ததும் அலகால் அதை மெல்லத் தொட்டான். அவர்கள் விட்டுப்போன முட்டைகளில் ஒன்று கூட மிஞ்சவில்லை. அன்றைக்குத்தான் ஒரு பறவை முதன்முதலாக வாய்விட்டுக் கேட்டது: “எதுக்கு நாம பறந்தோம்?”

நெட்டச்சி சொல்லிக் காட்டவில்லை. ஏரி ஓரத்துக்குப் போய் அலகு நிறையச் சேற்றை அள்ளி வந்து, சின்ன மலையின் விளிம்பில் விரிசல் விட்ட இடத்தில் பூசினாள். வளையன் போய் அள்ளினான். அவனைப் பார்த்து இன்னொரு பறவை. அதைப் பார்த்து ஆயிரமும். ஒன்று செய்தால் எல்லாம் செய்கிற அந்தப் பழக்கம், அன்றைக்கு முதல் தடவையாக உருப்படியான ஒரு வேலைக்கு உதவியது! பொழுது சாய்வதற்குள் கரை முழுக்கக் குட்டிக் குட்டி மலைகள்!

ஏரியில் விழுந்த சாம்பல் கரைந்து தண்ணீர் காரமும் கரிப்புமாக மாறிவிட்டது. மீன்கள் திரும்பி வரவில்லை. குட்டையன் ஒரு நாள் வந்து குஞ்சைப் பார்த்துவிட்டு, “மீனில்லாம எனக்கு ஆகாது மதினி” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்ல தண்ணீர்க் குளத்துக்குக் குடிபோனான். அந்தக் காரத் தண்ணீரில் புதிதாக ஒரு செம்பாசி படர்ந்தது. பூநாரைகள் வேறு வழியில்லாமல் அதைத் தின்றன. தின்னத் தின்ன இறகெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது. ஒன்றை ஒன்று பார்த்து முதலில் பயந்தன. பிறகு பிடித்துப்போய்விட்டது.

அப்புறம் பெருமழை பிடித்தது. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பருவம் முழுக்கக் கொட்டியது. மழை விட்ட காலையில் நெட்டச்சி குஞ்சையும் கூட்டிக்கொண்டு குமுறிக்கு மேலே பறந்து பார்த்தாள். பார்த்தவள் அங்கிருந்தே கூவினாள்.

“அக்கா! உன் உச்சி இருந்த இடத்துல ஏரி இருக்குக்கா! நீலமா, வட்டமா! வாத்து வந்து இறங்கியிருக்கு! ஒண்ணு முட்டை கூட வச்சிருக்குக்கா!”

“எங்கட்டி? எத்தனை?” என்று கேட்ட குமுறிக்குத் தன் உடம்பைத் தானே எட்டிப் பார்க்க முடியவில்லை. “நல்லாப் பாத்துச் சொல்லு. உருண்டுறாதுல்ல?”

“உருளாதுக்கா. பத்திரமா இருக்கு.”

அப்போதுதான் குமுறி தைரியமாகக் கீழே ஏரித் தண்ணீரில் தன்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பக்கம் போன மேகத்தை அவள் கூப்பிடவே இல்லை. மேகமே இறங்கி வந்து, அவள் மேல் உட்கார்ந்துவிட்டுப் போனது.

அன்று முதல்தான் பூநாரைகள் முட்டையை வெறும் தரையில் இடுவதில்லை. ஏரிக்கரைச் சேற்றை அலகால் அள்ளிக் குவித்து மலை கட்டுகின்றன. உச்சி இருக்க வேண்டிய இடத்தைக் குழித்து, தங்கள் ஒரே முட்டையை அதில் உட்கார வைக்கின்றன.